பொரியுருண்டையும் எள்ளுருண்டையும்

தங்கை டொரான்டோவில் இருக்கிறாள். சில வருஷங்களுக்கு முன் ஒரு அக்டோபரில் வாட்ஸ்அப்பில் படம் ஒன்று அனுப்பினாள். ஆரஞ்சு நிற இலைகள் சிதறிக் கிடக்க, நடுவில் ஒரு கோப்பை மஞ்சள் பால். பக்கத்தில் பேரீச்சம்பழம், முந்திரி, எள்ளுருண்டை. இலையுதிர் காலத்தில் வாதம் கூடும். சூடாக, நெய்ப்பசையோடு, இனிப்பாகச் சாப்பிட்டு உடம்பைச் சமன்செய்துகொள்ளுங்கள் என்று ஆயுர்வேத அறிவுரை. அதன் கீழே, "அக்கா, நீயும் செஞ்சு பாரு."

செய்து பார்த்தேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்யும் ஆள் இல்லை. காலையில் நெய்யில் ஊறிய பேரீச்சம்பழம் நாலு, பதினொரு மணிக்கு எள்ளுருண்டை, சாயங்காலம் மஞ்சளும் மிளகும் தட்டிப் போட்ட பால். நான் இருப்பது மயிலாடுதுறை. அந்த வருஷம் மழை தொடங்கிவிட்டு ஓய்ந்திருந்தது. விட்ட மழைக்குப் பிறகு அடித்த வெயிலில் கொல்லையில் ஈரத் தரை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பத்தாம் நாள் வாயெல்லாம் புண். உள்ளங்காலில் எரிச்சல். காலையில் கண்ணைத் திறக்க முடியாமல் பீளை. அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சூடு பிடிச்சிருக்கு. அந்த எள்ளை முதல்ல நிறுத்து" என்றாள். அத்தோடு என் இலையுதிர் காலம் முடிந்தது.

தெருக்கோடியில் ஒரு வைத்தியர் இருந்தார். வயசானவர், வேளைக்கு நாலு பேரைப் பார்த்தால் அதிகம். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "உங்க வாசல்ல எந்த மரம்மா இலையைக் கொட்டுது?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். எங்கள் வாசலில் வேம்பு. அது இலை கொட்டுவது மாசியில். அரச மரமும் அதை ஒட்டித்தான். ஐப்பசியில் எங்கள் ஊரில் எதுவும் உதிர்வதில்லை. வேலியில் பாகல் கொடி தலைகால் தெரியாமல் படரும், கிணற்றுச் சுவரில் பாசி பிடிக்கும், முருங்கை மழையில் கிளை முறிந்து விழும். 'இலையுதிர் காலம்' என்பது நமக்குப் பள்ளிப் பாடப் புத்தகம் கொடுத்த சொல். நம்மிடம் இருப்பது கூதிர். ஆவணி, புரட்டாசி கார் என்றால் ஐப்பசி, கார்த்திகை கூதிர். சங்கப் பாட்டில் கூதிர் என்றாலே வாடைக் காற்றும் கை காய்ச்சும் நெருப்பும்தான். கூதல் என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அதே வேர்.

வைத்தியர் அலமாரியிலிருந்து அஷ்டாங்க ஹிருதயத்தை எடுத்தார். வாக்படர் எழுதியது, 7-ஆம் நூற்றாண்டு வாக்கில். அதில் சூத்திர ஸ்தானம் மூன்றாம் அத்தியாயம் முழுக்க ருது சரியை, அதாவது எந்தப் பருவத்தில் எப்படி இருக்க வேண்டும் என்பது. மழை முடிந்து வரும் சரத் ருதுவுக்கு அவர் சொல்வது வாதம் இல்லை, பித்தம். மழையின் குளிர்ச்சிக்குப் பழகிப்போன உடம்பின் மேல் திடீரென்று சூரிய வெப்பம் படும்போது, மழைக்காலத்தில் சேர்ந்திருந்த பித்தம் சீறி எழும் என்கிறார். என் வாய்ப்புண்ணை ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னாலேயே எழுதி வைத்த மாதிரி இருந்தது. "பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் புரட்டாசி" என்று நம் ஊரில் சொல்வதும் இதைத்தானே. சித்த மருத்துவமும் கூதிரில் பித்தத்தைத்தான் கவனிக்கச் சொல்கிறது.

அப்படியென்றால் தங்கை அனுப்பிய படம் தப்பா? தப்பில்லை. அது வேறு ஊருக்கான படம். ஆயுர்வேதம் அமெரிக்காவில் பரவலாகத் தெரிய ஆரம்பித்தது 1980-களில். டாக்டர் வசந்த் லாட் நியூ மெக்சிகோவில் தன் ஆயுர்வேத நிறுவனத்தைத் தொடங்கியது 1984-இல். அங்கே அக்டோபர் என்றால் வறண்ட காற்று, இரவில் குளிர், காய்ந்து பறக்கும் இலை. வறட்சி, லேசு, குளிர்ச்சி, அசைவு என்று வாதத்துக்கு நூல்கள் சொல்லும் குணம் அத்தனையும் அங்கே ஜன்னலுக்கு வெளியிலேயே நிற்கின்றன. அந்த ஊர் ஆசிரியர்கள் அதைப் பார்த்து இலையுதிர் காலத்தை வாதத்தின் கணக்கில் எழுதினார்கள். சரியான காரியம்தான். அது இணையத்தில் ஏறி, தமிழில் மொழிபெயர்ந்து, மயிலாடுதுறையில் எனக்கு வாய்ப்புண்ணாக வந்து சேர்ந்ததுதான் கோளாறு.

ஆனால் வாக்படரையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அவர் சிந்து நாட்டுக்காரர் என்பார்கள். அவர் பார்த்த சரத்தில் மழை முடிந்து வானம் வெளுத்துவிடும், சேறு காய்ந்துவிடும், நாணல் பூக்கும். இந்தப் பருவத்துக்கு அவர் சொல்லும் பானம் அலாதியானது. ஹம்ஸோதகம் என்று பேர். பகல் முழுக்க வெயிலில் காய்ந்து, இரவில் நிலவில் குளிர்ந்து, அகத்தியர் உதயமானதால் நஞ்சு நீங்கிய தெளிந்த தண்ணீர். அகத்தியர் என்பது நட்சத்திரம், கனோபஸ். வடக்கே மழை ஓயும் சமயத்தில் தெற்கு அடிவானத்தில் தலைகாட்டும். மழை நின்று வண்டல் படிந்து குளம் தெளிகிற காலத்துக்கு வைத்த அடையாளம் அது.

இங்கே ஐப்பசியில் என்ன நிலைமை? அகத்தியர் நடுராத்திரி வாக்கில் எழுகிறார்தான், மேகம் விட்டால் பார்க்கலாம். தமிழ்நாட்டின் வருஷ மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. கடலோரத்தில் அதைவிடக் கூடுதல். துலா மாதமான ஐப்பசி முழுக்கக் காவிரியில் முழுக்குப் போடும் ஊர் எங்களுடையது. கடைமுழுக்கன்று இறங்கிப் பார்த்தால் தண்ணீர் பால் விட்ட டீ நிறத்தில் இருக்கும். அப்பாயி காலத்தில் ஆற்றுத் தண்ணீரைக் குடத்தில் எடுத்து வந்து, தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உள்பக்கத்தில் நாலு தேய் தேய்த்து வைத்துவிடுவார்களாம். ஒரு மணி நேரத்தில் கலங்கல் அடியில் உட்கார்ந்து மேலே கண்ணாடி மாதிரி நிற்கும். அதைச் சீரகமோ சுக்கோ போட்டுக் காய்ச்சிக் குடிப்பார்கள். எங்கள் ஊர் ஹம்ஸோதகம் அதுதான் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது வீட்டில் வடிகட்டும் இயந்திரம் இருக்கிறது. சீரகம் மட்டும் தங்கிவிட்டது.

ஆக நம் கூதிர் ஒரு இரண்டும் கெட்டான் பருவம். ஒரு நாள் வெயில் காய்ந்தால் பித்தம், நாலு நாள் அடைமழை பிடித்தால் வாதமும் சளியும் செரிக்காத வயிறும். இந்தப் பருவத்துக்கு ஒரே பட்டியல் போட்டுக் கொடுக்கிறவரை நான் நம்புவதில்லை. வீட்டில் நான் வைத்திருப்பது இரண்டு பானங்கள். வாசலை எட்டிப் பார்த்துவிட்டு எது என்று முடிவு செய்கிறேன்.

வெயில் நாளுக்கு மல்லித் தண்ணீர். கொத்தமல்லி விதையை ஒன்றிரண்டாக இடித்து, ஒரு பங்குக்கு ஆறு பங்கு தண்ணீர் விட்டு ராத்திரி மூடி வைக்க வேண்டும். காலையில் வடிகட்டி ஒரு சிட்டிகை கற்கண்டுத் தூள். கொதிக்க வைக்கவே கூடாது. ஆயுர்வேதத்தில் இதற்கு ஹிமம் என்று பேர், குளிர்ந்த ஊறல். உள் எரிச்சலுக்கும் தாகத்துக்கும் பழைய ஆயுர்வேத நூலாசிரியர் சார்ங்கதர் சொல்வது. முதல் முறை குடித்தபோது, என்னடா இது குழம்புப் பொடி கழுவின தண்ணி மாதிரி இருக்கே என்றுதான் தோன்றியது. மூன்றாம் நாள் அந்த வாசனை பிடித்துப்போனது. இடித்த மல்லி ராத்திரி முழுக்க ஊறினால் ஆரஞ்சுத் தோலின் வாசனை லேசாக வரும். முழு மல்லியாகப் போட்டால் வராது.

மழை நாளுக்குச் சுக்கு மல்லிக் காபி. இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. கடையில் விற்கும் பொடிகள் பெரும்பாலும் சுக்குக் காபிதான். மல்லி பேருக்கு இருக்கும். எங்கள் வீட்டில் சுக்கு ஒரு பங்கு என்றால் மல்லி மூன்று பங்கு. மிளகு பத்துப் பன்னிரண்டு, ஏலக்காய் இரண்டு, அவ்வளவே. சுக்கின் சூட்டை மல்லி பிடித்து நிறுத்துகிறது. சுக்கைத் தோல் சீவாமல் போடக் கூடாது. சுக்குக்குப் புற நஞ்சு, கடுக்காய்க்கு அக நஞ்சு என்பார்கள். சுக்கின் மேல் சுண்ணாம்பைத் தடவிக் காயவைத்துச் சீவினால் மேல் தோல் பொருக்காக வந்துவிடும். அம்மா சுண்ணாம்பு விரலோடு டி.வி. பார்த்துக்கொண்டே இதைச் செய்வாள்.

இனிப்புக்குக் கருப்பட்டி. இங்கே ஒரு சின்னத் தகராறு உண்டு. பனையில் பதநீர் இறங்குவது தை, மாசியில் தொடங்கி ஆனி, ஆடியோடு ஓயும். ஐப்பசியில் புதுக் கருப்பட்டி என்று யாராவது தந்தால் சந்தேகப்படுங்கள். இந்த மாதத்தில் கிடைக்க வேண்டியது பழைய சரக்கு. மழை ஈரத்தில் அது வியர்க்கும், இளகும், தொட்டால் விரலில் ஒட்டும். திருநெல்வேலிப் பக்கம் அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி வைத்திருப்பார்கள். பழைய வெல்லம்தான் உடம்புக்கு ஏற்றது, புதுசு சளியைக் கூட்டி செரிமான அக்கினியை மந்தப்படுத்தும் என்று வாக்படரும் சொல்கிறார். கருப்பட்டிக்கும் அதையே சொல்வார் என்பது என் ஊகம். ஒன்று மட்டும்: கருப்பட்டியும் சர்க்கரைதான். நீரிழிவு உள்ள என் அண்ணன், "இயற்கையாச்சே" என்று மூன்று டம்ளர் குடித்துவிட்டு மறுநாள் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து முழித்தார். அவருக்கு இப்போது வெறும் சுக்குமல்லி.

தின்பண்டம் என்று வந்தால் நம் பண்டிகை வரிசையைப் பார்க்க வேண்டும். நவராத்திரியில் சுண்டல், ஆயுத பூஜையில் பொரியும் பொட்டுக்கடலையும், தீபாவளிக்குப் பலகாரம், கார்த்திகைக்கு மறுபடி பொரி. முன்னோர் எல்லாவற்றையும் அறிவியலாக யோசித்து வைத்தார்கள் என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. சிலது பொருந்துகிறது, சிலது கொஞ்சம்கூடப் பொருந்தவில்லை.

சுண்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். சரத் காலத்துக்கு வாக்படர் பேர் சொல்லிப் பரிந்துரைக்கும் பயறு ஒன்றே ஒன்று, பாசிப்பயறு. கொண்டைக்கடலை குளிர்ச்சி, பித்தத்துக்கு ஆகும், ஆனால் வறட்சி, வாய்வைக் கிளப்பும். அதனால்தான் பெருங்காயமும் இஞ்சியும் தேங்காயும். கொள்ளு இந்தப் பருவத்துக்குச் சரியான எதிரி, உஷ்ணம். மழை பெய்தால் உடனே கொள்ளு ரசம் வைக்கும் வீடுகள் உண்டு. சளி பிடித்து மூக்கு ஒழுகும்போது வையுங்கள். மழை விட்டு வெயில் அடிக்கிற நாளில் வைத்தால் எனக்கு ஆன கதைதான்.

தீபாவளி? சரத்தில் எதையெல்லாம் தவிர்க்க வேண்டும் என்று வாக்படர் ஒரு வரிசை தருகிறார்: வயிறு முட்டச் சாப்பிடுவது, தயிர், எண்ணெய், கொழுப்பு, மது, வெயில், பகல் தூக்கம், பனி, கீழைக் காற்று. எங்கள் வீட்டுத் தீபாவளியை மறைந்திருந்து பார்த்து எழுதிய மாதிரி இருக்கிறது. முறுக்கு, அதிரசம், மூக்கு முட்டச் சாப்பாடு, கடைசியில் தயிர் சாதம், அப்புறம் திண்ணையில் கீழைக் காற்று வாங்கிக்கொண்டு பகல் தூக்கம். (மது பற்றிச் சித்தப்பாக்கள் பதில் சொல்லட்டும்.) வசந்தத்தையும் சரத்தையும் எமனின் இரண்டு கோரைப் பற்கள் என்கிறது தேவி பாகவதம். கார்த்திக மாதத்தின் கடைசி 8 நாளும் அடுத்த மாதத்தின் முதல் 8 நாளும் எமப்பல், குறைவாக உண்பவனே பிழைப்பான் என்கிறார் சார்ங்கதர். சரத் என்ற அந்தப் பல்லுக்கு நடுவில் நாம் அதிரசத்தோடு போய் உட்காருகிறோம்.

அதனால்தான் தீபாவளி லேகியம். அதைப் பருவத்துக்கான சத்து மருந்து என்று இப்போது டப்பாவில் அடைத்து வருஷம் முழுக்க விற்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பலகாரம் தின்று கெடப்போகும் வயிற்றுக்கு முன்கூட்டியே கட்டும் அபராதம் அது. எண்ணெய் தேய்த்துக் குளித்தவுடன், வெறும் வயிற்றில், நெல்லிக்காயளவு ஒரு உருண்டை. எங்கள் வீட்டில் அதற்குத் 'தீபாவளி மருந்து' என்றுதான் பேர்.

நாட்டு மருந்துக்கடையில் "லேகியச் சாமான்" என்று கேட்டால் பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். சுக்கு, மிளகு, அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், மல்லி. போன தடவை கூடுதலாக மல்லி கேட்டேன். கடைக்காரர், "என்னம்மா, லேகியமா, சாம்பாரா?" என்றார். பித்தம் கூடும் காலத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி என்ற திரிகடுகம் போட்ட மருந்தா என்ற கேள்வி எனக்கு வெகுநாள் இருந்தது. வைத்தியர்தான் சொன்னார்: சுக்கும் உலர்ந்த திப்பிலியும் நாக்கில் காரம், செரித்த பிறகு இனிப்பு, அதோடு வெல்லமும் நெய்யும் சேரும்போது சூடு அடங்கிவிடும். மிளகுதான் அப்படி இல்லை. அதனால் மிளகைப் பாதியாக்கி மல்லியை இரட்டித்துவிட்டேன்.

சாமானை லேசாக வறுத்து, இடித்து, வெந்நீரில் ஊறவைத்து, மைய அரைத்து வடிகட்ட வேண்டும். அடி கனத்த வாணலியில் அந்தக் கரைசலை ஊற்றி வெல்லத்தைப் போட்டுக் கிளற ஆரம்பித்தால் முதல் கால்மணி நேரம் ஒன்றும் நடக்காது. சேறு மாதிரிக் கொப்பளிக்கும், முழங்கையில் தெறிக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நல்லெண்ணெயும் நெய்யும். நிறம் காப்பிக் கொட்டைக்கு மாறும். கரண்டியைத் தூக்கினால் வழியாமல் சுருண்டு விழும். ஓரத்தில் நெய் பிரிந்து ஒரு கோடு தெரியும். இறக்கிவிட வேண்டியது அப்போதுதான். இன்னும் ஒரு நிமிஷம் என்று நின்றால் ஆறியதும் கல்லாகிவிடும். நான் ஒரு தடவை லேகியத்தைச் சுத்தியலால் உடைத்திருக்கிறேன். தேனைச் சூட்டோடு சேர்க்கவே கூடாது. சூடுபட்ட தேனை ஆயுர்வேதம் விஷத்துக்குச் சமமாகப் பேசுகிறது. வாணலியின் அடியைத் தொட்டால் கை பொறுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் தேன்.

எல்லாவற்றிலும் அழகாகப் பொருந்துவது, யாரும் மருந்தாக நினைக்காத பொரிதான். நெற்பொரிக்கு லாஜம் என்று பேர். லேசானது, குளிர்ச்சியானது, தாகத்தையும் வாந்தியையும் அடக்குவது என்று பழைய நூல்கள் அதைக் கொண்டாடுகின்றன. ஆயுர்வேத ஆசிரியர் சரகர் காலத்திலிருந்தே நோயாளிக்குப் பொரிக்கஞ்சி உண்டு. எமப்பல் காலத்தில் வயிறு லேசாக இருக்க வேண்டும் என்றால் இதைவிட லேசாக எதைத் தின்பது? கார்த்திகை தீபத்தன்று திண்ணையில் விளக்கு வரிசைக்குப் பக்கத்தில் இது இருப்பது தற்செயலாகவே இருக்கட்டும், நல்ல தற்செயல்.

கார்த்திகைக்கு முந்தின நாள் வாங்கும் நெற்பொரி, ஆயுத பூஜைப் பொரி மாதிரி வழவழவென்று இருக்காது. சூடான மணலில் நெல்லைப் போட்டுப் பொரிப்பதால் மல்லிகை மொட்டு வெடித்த மாதிரி, உமி ஒட்டிக்கொண்டு வரும். முறத்தில் புடைத்து, மிச்ச உமியைக் கையால் பொறுக்க வேண்டும். என்ன பொறுக்கினாலும் ஒன்று பல்லிடுக்கில் மாட்டும். எட்டுக் கிண்ணம் பொரிக்கு ஒரு கிண்ணம் வெல்லம். பாகு பதம் பார்ப்பது அம்மா: தட்டில் தண்ணீர் ஊற்றி ஒரு சொட்டு விட்டு, உருட்டி, தட்டிலேயே எறிவாள். 'டங்' என்று கேட்க வேண்டும். கேட்டதும் ஏலக்காய், சுக்குப்பொடி, நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல். பொரியில் கொட்டிக் கிளறி, கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு சூட்டோடு பிடிக்க வேண்டும். ஆற விட்டால் பிடிபடாது. வீட்டில் இருக்கும் அத்தனை பேரையும் அடுப்படிக்கு இழுத்துவரும் பலகாரம் இது ஒன்றுதான்.

நெல்லிக்காயும் இந்தச் சமயம்தான் சந்தைக்கு வரத் தொடங்கும். அதுவும் வாக்படரின் சரத் பட்டியலில் இருக்கிறது. துளசிக் கல்யாணத்துக்குத் துளசியோடு நெல்லிக் கிளையை நட்டு வைக்கிற வழக்கம் எங்கள் தெருவில் இன்னும் உண்டு. தயிர்ப் பச்சடியாகச் செய்தால் தயிர் இடிக்கிறது. நான் அரைத்து நீர்மோரில் கலக்கி, உப்பும் கறிவேப்பிலையும் போட்டு மதியத்தில் குடிக்கிறேன். மழை நாளில் அதுவும் இல்லை.

தங்கைக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். அவள் வீட்டில் ஹீட்டர் போட ஆரம்பித்துவிட்டார்களாம். உதடு வெடித்து, தோல் பொரிந்து, இரவில் தூக்கமில்லை. மல்லித் தண்ணீரைப் பற்றிச் சொன்னதும், "ஐயோ அக்கா, இங்க அதைக் குடிச்சா விறைச்சே போயிடுவேன்" என்றாள். அவளுக்கு எள்ளுருண்டையும் நெய்யும் சூடான பாலும்தான். அவள் படம் அவளுக்குச் சரி.

போன கார்த்திகைக்கு அவளுக்குப் பார்சல் கட்டினோம். லேகியம் ஒரு பாட்டில், சீவின சுக்கு கால் கிலோ, அம்மா இடித்த எள்ளுருண்டை இருபது. பொரியுருண்டை வைக்க வேண்டாம், அங்கே காற்றே பொரி மாதிரிதான் இருக்கிறது என்று நான் வாதாடினேன். அம்மா கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்துத் தங்கை வீடியோவில் வந்தாள். பின்னால் ஜன்னலில் மொட்டை மரம். எள்ளுருண்டை டப்பா திறந்தபடி மேஜையில் இருந்தது, முழுசாக. பொரியுருண்டை எங்கே என்று அம்மா கேட்டாள். வழியில் உடைஞ்சு தூளாயிடுச்சும்மா என்றாள் தங்கை, கரண்டியால் அந்தத் தூளை அள்ளி வாயில் போட்டுக்கொண்டே. ஒரு நொடி கழித்து விரலை விட்டுப் பல்லிடுக்கில் எதையோ துழாவினாள்.

"உமியா?" என்றாள் அம்மா.